மார்கரித் என்ற பழைய பெயர்

மாஜிஸ்திரேட் பெங்கெல்லியின் அறைக்குள் ஹானா ட்ரெலோர் மழையில் நனைந்தபடி வந்தாள்.

"என் வீட்டுக்காரரத் தூக்குல போடப் போறாங்க, ஐயா. அவரு கைதியக் கொல்லல. ஆனா என்ன நடந்துச்சுன்னு என்கிட்டகூட வாயத் திறக்க மாட்டேங்கிறாரு."

அவள் கணவன் ஜோசப், பிளிமத் துறைமுகத்தில் நின்ற சிறைக்கப்பலில் காவலாள். ஒருகாலத்தில் அது பிரெஞ்சுப் போர்க்கப்பல். ஆங்கிலேயர் அதைப் பிடித்து, பெயரை மாற்றி, பிரெஞ்சுக்காரர்களையே சுட அனுப்பினார்கள். கட்டை தளர்ந்ததும் பாய்மரங்களை வெட்டிவிட்டு, உள்ளே பிரெஞ்சுக் கைதிகளை அடைத்தார்கள். அவர்களில் யான் என்ற மாலுமி, கப்பலின் பின்பக்கம் பிணமாக மிதந்தான். அவன் வலது மணிக்கட்டில் ஜோசப்பின் கத்தி கட்டியிருந்தது.

"கத்திக்குச் சண்டை போட்டிருப்பாங்க. இதுல தேட என்னய்யா இருக்கு?" என்றான் மாஜிஸ்திரேட்டின் உதவியாளன் கோட், கப்பலுக்குப் படகில் போகும்போதே.

பெங்கெல்லி கப்பலில் ஏறியதும் முதலில் பிணத்தைப் பார்த்தார். பிணத்தின் உடம்பில் காயம் ஏதுமில்லை. நகக்கண்ணில் கறுப்புச் சாயம், அதோடு மஞ்சள் துணுக்கு. கப்பலின் பின்பக்கக் கைப்பிடிச் சட்டத்தில் அறுந்த கயிறு ஒன்று தொங்கியது. கோட் எல்லாவற்றையும் பார்த்தான், ஒன்றும் பிடிபடவில்லை.

கேப்டனின் அறையில் ஜோசப், ஹானா உட்பட எல்லோரும் கூடினார்கள்.

"சண்டையில யாரும் கத்தியக் கையில கட்டிக்க மாட்டாங்க," என்றார் பெங்கெல்லி. "தண்ணிக்கு மேல தொங்கி வேலை செய்யறவன்தான், நழுவிடக் கூடாதுன்னு கட்டுவான். முடிச்சு வலது மணிக்கட்டுல, இறுக்கமா ரெட்டை முடிச்சு. ஒத்தக் கையால அப்படிப் போட முடியாது. இன்னொருத்தர் கட்டி விட்டிருக்காங்க. கறுப்புச் சாயத்துக்குக் கீழ மஞ்சள்ல இருக்கறது மார்கரித்ங்கற கப்பலோட பழைய பேரு. அவன் அதச் சுரண்டியிருக்கான். கட்டி விட்டது நீதானே, ஜோசப்?"

ஜோசப் தலையாட்டினான்.

"இந்தக் கப்பலப் பிடிச்ச அன்னிக்கு அவன் தம்பி இங்கதான் செத்தான். கடல்ல போட்டுட்டாங்க. 'அவனுக்குக் கல்லறைன்னு இந்தப் பேருதான் இருக்கு, ஒரு தடவ பாத்துக்கறேன்'னு கெஞ்சினான். கைதிக்குக் கத்தி குடுத்தேன்னு சொன்னா சாட்டையடி. அதுக்குப் பயந்து மொதல்ல வாய மூடிக்கிட்டேன். அப்புறம்..." அவன் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். "கயிறும் நான் குடுத்ததுதான், ஐயா. இத்துப்போயிருந்தது. நான் பாக்கல. என்னாலதான் செத்தான்னு தூக்குக்கே தயாரா இருந்துட்டேன்."

கேப்டன் கொலைக்குற்றத்தைக் கைவிட்டார். சாட்டையடியும் கொடுக்கவில்லை. வேலையை மட்டும் பறித்தார்.

அவர்கள் கரைக்குத் திரும்பும்போது கோட் நிமிர்ந்து பார்த்தான். கப்பலின் பின்பக்கம் மஞ்சளாக மூன்று எழுத்துகள் வெளியே தெரிந்தன. ஒருவன் புதுக்கயிற்றில் இறங்கி அவற்றின்மேல் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டிருந்தான். ஜோசப் திரும்பவே இல்லை. ஹானா அவன் கையைப் பிடித்தபடி, கடைசி எழுத்தும் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.