ஊற்றாத தண்ணீர்

அந்தப் பெண்ணுக்கு வாயாடி என்று பெயர் வைத்தது அவளுடைய டீச்சர்தான். பேச ஆரம்பித்தால் பள்ளிக்கூட மணி அடித்தால்கூட நிறுத்தமாட்டாள். அப்படிப்பட்டவள் லாரி வெடித்த நாளிலிருந்து வாயைத் திறப்பதே அபூர்வமாகிவிட்டது. திறந்தால் மட்டும் யார் கேட்கப்போகிறார்கள்? ஊரே அவள் வீட்டோடு பேச்சை நிறுத்திவிட்டது.

நடந்தது இதுதான். பாறை உடைக்கும் வெடிமருந்தை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி கடைத்தெரு வழியாக வந்தது. பாலத்தைத் தாண்டியதும் அதன் டயர் தீப்பிடித்துக்கொண்டது. லாரி டிரைவர் குதித்து ஓடிவிட்டார். தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்தது. அந்த வண்டிக்குத் தலைமை வாயாடியின் அம்மா.

அம்மா வண்டியைத் தூரத்திலேயே நிறுத்தச் சொன்னாள். லாரியின் பக்கவாட்டில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சாய்சதுரப் பலகை தெரிந்தது. உள்ளே வெடிமருந்து இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். டயரில் பிடித்த தீ அதற்குள் மேலே ஏறிச் சரக்குப் பெட்டியைப் பிடித்திருந்தது.

"குழாயை இறக்காதீங்க. ஆளுங்களைக் கிளப்புங்க" என்றாள் அம்மா.

அவளும் கூட வந்தவர்களும் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். எல்லோரும் ஓடினார்கள். தையல்காரர் மட்டும் மசியவில்லை. "இந்தச் சட்டைக்கு ஒரு கைதான் பாக்கி, தச்சுட்டு வந்துடுறேன்" என்று தையல் மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தெருவே பற்றி எரிகிறது, இவருக்குச் சட்டைக் கை! அம்மா அவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடினாள். கையில் பாதிச் சட்டையோடு அவர் ஊர் எல்லையைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் லாரி வெடித்தது.

ஒரு உயிர்கூடப் போகவில்லை. ஆனால் கடைத்தெருவில் பாதி போய்விட்டது. வீடு இழந்தவர்கள் பள்ளிக்கூட ஹாலில் போர்வை விரித்துப் படுத்தார்கள். படுத்தவர்களுக்குத் தூக்கம் வராமல் பேச்சு வந்தது.

"வண்டி நிறையத் தண்ணி இருந்துச்சு. ஒரு சொட்டு ஊத்தினாங்களா?"

"தீயை அணைக்க வந்தவங்களே ஓடினா, நாம யார்கிட்ட போறது?"

தையல்காரரின் மகள்தான் வாயாடியின் உயிர்த்தோழி. ஆள் உயரம் என்பதால் எல்லோரும் அவளை நெட்டை என்பார்கள். அவளும் வகுப்பில் பெஞ்ச் மாறி உட்கார்ந்துவிட்டாள்.

"என்கூட உக்கார மாட்டியா?" என்று வாயாடி கேட்டாள்.

"மாட்டேன். எங்க மெஷின் போச்சு, வீடு போச்சு. இந்தக் கவுன்கூட யாரோ குடுத்தது. உங்கம்மா தண்ணி ஊத்தியிருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

வாயாடி பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தில் தன் பையை வைத்தாள்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. அம்மாவின் தட்டில் சாப்பாடு அப்படியே ஆறிக்கிடந்தது. லாரி வெடித்த பிறகு அவள் போட்டிருந்த லீவு முடிய இன்னும் ஒரு நாள்தான் இருந்தது.

"நான் இனிமே வேலைக்குப் போகல. நாளன்னிக்குப் போய் யூனிஃபார்மைத் திருப்பிக் குடுத்துட்டு வந்துடுறேன்" என்றாள் அம்மா.

"உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அதுக்காக வேலையை விடுவாங்களா?" என்றார் அப்பா.

"ஊருக்காக இல்லைங்க. ஒரு தடவை ஊத்திப் பார்த்திருக்கலாமோன்னு எனக்கே தோணுது. கண்ணை மூடினா அந்த டயர்தான் தெரியுது. அணைஞ்சிருக்குமோ என்னவோ."

வாயாடி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஊர் ஆயிரம் சொல்லட்டும். அம்மாவே இப்படிச் சொன்னால் அவள் யாரை நம்புவாள்? நெட்டை சொன்னதுதான் உண்மை என்று ஆகிவிட்டால்? அதை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் முடியவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் லீவு. வாயாடி தீயணைப்பு நிலையத்துக்குப் போனாள். தீயணைப்பு வண்டியை ஓட்டும் மாமா சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மாமா, அன்னைக்குத் தண்ணி ஊத்தியிருந்தா தீ அணைஞ்சிருக்குமா?"

அவர் கைத்துணியைக் கீழே வைத்தார். "தீ டயரோட நின்னிருந்தா ஊத்தியிருப்போம். அது வெடிமருந்துகிட்ட போயிடுச்சுன்னா எப்ப வெடிக்கும்னு யாருக்கும் தெரியாது. அப்ப தீயை விட்டுட்டு ஆளைக் காப்பாத்தணும். எங்க வேலையில அதுதான் முதல் பாடம்."

"இதை ஊர்ல சொல்லுங்களேன்."

"சொல்லாம இருப்பேனா? 'நீயும் கூட ஓடினவன்தானே, வேற எப்படிச் சொல்லுவ'ன்னு கேக்குறாங்க."

வாயாடி யோசித்தாள். "சரி மாமா, ஊத்துறதா இருந்தா எங்க நின்னு ஊத்துவீங்க?"

"பாலத்துச் சுவரோரம் வண்டி நிக்கும். அங்கிருந்து ஒரு குழாய் நீளம் கிட்டப் போகணும். லாரிக்கு அடியில தண்ணி பாயணும்ல?"

"பழைய குழாய் ஏதாவது இருக்கா?"

ஓட்டை விழுந்த துணிக்குழாய் ஒன்று சுருட்டிக் கிடந்தது. அது வாயாடியைவிடக் கனம். தூக்க முடியாமல், சக்கரத்தை உருட்டுவதுபோல் அதைத் தெருவில் உருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். நெட்டை குழாயடியில் தம்பியின் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னோட வா. எங்கம்மா செஞ்சது தப்புன்னு நீயே எனக்குக் காட்டு" என்றாள் வாயாடி.

"காட்டினா?"

"ஹால்ல எல்லார் முன்னாடியும் நானே சொல்றேன்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டாள். நெட்டை கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

லாரி நின்ற இடத்தில் இப்போது பெரிய குழிதான் இருந்தது. யாரும் விழுந்துவிடக்கூடாது என்று சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். பாலத்துச் சுவர் பாதி இடிந்து நின்றது. வாயாடி குழாயின் ஒரு முனையைச் சுவரோரம் காலால் மிதித்துக்கொண்டாள். நெட்டை மிச்சச் சுருளை உருட்டிக்கொண்டே போய்க் கயிற்றுக்கு முன்னால் நின்றாள்.

"இன்னும் மிச்சம் இருக்கே" என்றாள்.

"தள்ளி விடு. நீ கயித்தைத் தாண்டாதே."

நெட்டை தள்ளினாள். சுருள் கயிற்றுக்கு அடியில் ஓடி, விளிம்பைத் தாண்டி, குழிக்குள் தொங்கியது.

இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள். குழாயைப் பிடிக்கிறவர் நிற்க வேண்டிய இடத்தில் தரையே இல்லை.

"முனையை யார் பிடிப்பாங்க?" என்று நெட்டை கேட்டாள்.

"எங்கம்மா. பின்னால தீயணைப்பு அண்ணனுங்க ரெண்டு பேர்." இத்தனை நாளாக ஊர் அம்மாவை எங்கே போய் நிற்கச் சொன்னது என்று வாயாடிக்கு இப்போதுதான் புரிந்தது.

நெட்டை குழியின் அந்தப் பக்கம் பார்த்தாள். அவர்கள் கடை இருந்த இடத்தில் ஒரே ஒரு படிக்கட்டு மிஞ்சியிருந்தது.

"அவங்க இங்க நின்னு தண்ணி ஊத்திட்டு இருந்திருந்தா, எங்கப்பாவை யாரு இழுத்துட்டு வந்திருப்பாங்க?" என்றாள் பிறகு.

அம்மாவைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்த வாயாடிக்கு இது தோன்றவே இல்லை. இருவரும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அழுதார்கள். நெட்டை வீட்டுக்காகவும் அழுதாள். அழுதால் வீடு வந்துவிடாது என்று தெரிந்தும் அழுதாள்.

சாயங்காலம் வாயாடி வீட்டு வாசலில் தையல்காரர் வந்து நின்றார். பக்கத்தில் நெட்டை. அம்மா எழுந்து நின்றாள். அவர் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.

"மெஷின் போனது போனதுதான், தங்கச்சி. நாளைக்கு எங்க போய் நிக்கிறதுன்னு தெரியல" என்றார் அவர். "உங்க மேல இருக்கிற கோபம்கூட முழுசாப் போகல, பொய் சொல்ல மாட்டேன். ஆனா எம்பொண்ணு என்னைக் கூட்டிட்டுப் போய் அந்தக் குழியைக் காட்டினா. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு வந்தேன்."

"கேளுங்கண்ணே."

"அன்னைக்கு நீங்க இழுத்தப்ப, மெஷினை விட மனசு வராம உங்க கையைக் கடிச்சுட்டேன். இன்னும் வலிக்குதா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். வாயாடியும் பார்த்தாள். அம்மா மெதுவாகச் சட்டைக் கையை மேலே தள்ளினாள். முழங்கைக்குக் கீழே பல் பதிந்த இடம் நீலமாகக் கன்றியிருந்தது.

"இதை நீ சொல்லவே இல்லையே" என்றார் அப்பா.

"அவரே எல்லாம் போய் நிக்கிறாரு. கடிச்சாருன்னு வேற ஊர்ல சொல்லணுமா?"

சொல்லும்போதே அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே அழ ஆரம்பித்தாள். தையல்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் அம்மா யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வந்தாள். வாயாடி ஓடிப்போய் வாசலை மறித்து நின்றாள்.

"திருப்பிக் குடுக்கவா போற?"

"டியூட்டிக்கு நேரமாச்சு" என்றாள் அம்மா. "வழியை விடுடி."