முதுகுக்கு எதுக்கு லைட்டு?

மாரண்டஹள்ளியில் மாதப்பன் வீட்டுச் சமையலறை இரண்டு வாரமாகத் தலைகீழாகக் கிடந்தது. பழைய மேடையை இடித்துவிட்டுப் புதிய கல் மேடை போட்டாயிற்று. இனி ஒயரிங் வேலைதான் பாக்கி.

சாயங்காலம் எலக்ட்ரீஷியன் குப்புராஜ் வந்தார். எங்கே லைட், எங்கே சுவிட்சு என்று மாதப்பன் சொல்லச் சொல்ல, அவர் சாக்பீஸால் குறி போட்டார். நாளைக் காலையில் அந்தக் குறிப்படி சுவரை வெட்டி ஒயர்க் குழாய் பதித்துப் பூசிவிடுவார்கள். அப்புறம் மாற்றுவது லேசில்லை. திட்டம் போட்ட இருவருமே வெந்நீர் தவிர வேறெதையும் வைத்துப் பழகாதவர்கள்!

"நட்ட நடுவுல பெரிய லைட்டா போட்டுடு. சுகுணா வாரத்துக்கு ஒருக்கா விரலை வெட்டிக்கிறா. பார்த்து அரிய மாட்டேங்கிறா," என்றார் மாதப்பன்.

ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகள் வெண்மதிக்குச் சுருக்கென்றது. அம்மா சுகுணா பாலக்கோடு மார்க்கெட்டில் பகலெல்லாம் தக்காளி தரம் பிரிப்பவள். ஊசி முனையளவு ஓட்டை இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். அவளா பார்க்காமல் அரிகிறாள்?

"மாமா, லைட்டை இப்பவே ஒருக்கா போட்டுப் பார்க்கலாமுங்களா?"

குப்புராஜ் ஒயரில் ஒரு பல்பை மாட்டிக் கூரையின் நடுவே தொங்கவிட்டார். அறை பளிச்சென்று ஆனது.

"எப்படி!" என்றார் மாதப்பன் பெருமையாக.

வெண்மதி ஒரு வெங்காயத்தையும் கத்தியையும் அவரிடம் நீட்டினாள். "அம்மா நிக்கிற இடத்துல நின்னு அரிங்கப்பா."

மாதப்பன் சிரித்துக்கொண்டே மேடைப் பக்கம் திரும்பி நின்றார். நாலு நறுக்கு நறுக்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது. அவருடைய நிழல் வெங்காயத்தின் மேல் விழுந்து மறைத்தது. இப்படி நகர்ந்தார், அப்படி நகர்ந்தார். நிழலும் கூடவே வந்தது.

"என்ன கண்ணு, இங்க மட்டும் இருட்டா இருக்குது?"

"பழைய ட்யூப்லைட்டும் அம்மாவுக்குப் பின்னாடிதானேப்பா இருந்துச்சு? இத்தனை வருசமா அவங்க இப்படித்தான் அரிஞ்சாங்க."

மாதப்பன் கத்தியைக் கீழே வைத்தார். கண் கலங்கியிருந்தது. வெங்காயம் மட்டும் அதற்குக் காரணமில்லை.

"முதுகுக்கு எதுக்குண்ணா லைட்டு?" என்று தலையைச் சொறிந்தார் குப்புராஜ். "பாப்பா, நீ சொல்லு. எங்க போடலாம்?"

வெண்மதி மேடைக்கு மேலே அலமாரி வரப்போகும் இடத்தைக் காட்டினாள். "அதுக்கு அடியில போட்டா கைமேல வெளிச்சம் விழும். ஆனா அம்மா வரட்டுமுங்க மாமா. அவங்களைக் கேட்டுட்டுக் குறி போடலாம்."

ஏழு மணி பஸ்ஸில் இறங்கி வந்த சுகுணாவை, பையைக்கூடக் கீழே வைக்கவிடாமல் மேடைக்கு இழுத்துப் போனாள் வெண்மதி. குப்புராஜ் அலமாரி உயரத்தில் பல்பைப் பிடித்தார். அம்மா மீதி வெங்காயத்தை மளமளவென்று அரிந்தாள். பாதியில் நிறுத்தி, மேடையையே உற்றுப் பார்த்தாள்.

"எங்கீங்க, என் நெழலைக் காணோம்?"

"பின்னாடி போயிடுச்சு," என்றார் மாதப்பன். "உன்னைக் கேக்காம குறி போட்டது என் தப்புதான். சுவிட்சு எந்த உசரத்துல வேணும்னு நீயே சொல்லு."

வெண்மதி பழைய குறிகளை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, சாக்பீஸை அம்மாவிடம் கொடுத்தாள். பிளாஸ்திரி ஒட்டிய விரல்களால் அதைப் பிடித்து, தன் தோள் உயரத்தில் பெரிதாக ஒரு வட்டம் போட்டாள் அம்மா.