இரண்டு ஸ்டார்ட்டர்களும் ஒரு மாப்பிள்ளையும்

நீதியின் முன் எல்லா மரணங்களும் சமம். காலம் தாழ்ந்தாலும் உண்மை வெளியே வந்தே தீரும். குற்றவாளி எவ்வளவு பெரியவனாக இருந்தாலும் சந்தியில் நின்றே தீருவான்.

இந்தக் கதையில் செத்தது ஒரு ஸ்டார்ட்டர் மோட்டார்.

காலை 8.10. பழைய கார் உரிமையாளர் சங்கத் தலைவர் மெக்கானிக் ஷெட்டுக்குள் நின்ற தம் நாற்பது வயதுக் காரில் ஏறினார், சட்டைக் காலரைச் சரிசெய்தார், சாவியைத் திருகினார். யாரோ சரளைக்கல்லை மென்றதுபோல ஒரு சத்தம். அப்புறம் என்ஜினைச் சுற்றிவிட வேண்டிய அந்த மோட்டார் மட்டும் உய்ய்யென்று தனியாகச் சுற்றியது. என்ஜின் அசையவில்லை.

பதினோரு மணிக்குச் சங்கத்தின் ஊர்வலம். தலைவர் கார்தான் முன்னால் போக வேண்டும். தள்ளிக்கொண்டு வரும் வண்டிக்கு ஊர்வலத்தில் இடமில்லை என்கிறது சங்கத்தின் விதி பதினான்கு. அதை எழுதியவர் தலைவர்.

பத்து நாளில் இது இரண்டாவது ஸ்டார்ட்டர். போன மாதம்தான் காரின் சொந்த என்ஜின் கைவிட்டுப்போய், அதே கம்பெனியின் பெரிய காரிலிருந்து ஒரு என்ஜினைக் கழற்றி வந்து இதில் இறக்கியிருந்தார் ஷெட்டின் சொந்தக்காரரான மேஸ்திரி. முற்றத்தில் கனத்த இரும்புச் சக்கரத்தில் செருகிய பெரிய குடையின் கீழ் அவர் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்காமலே தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

"வயரிங்தான். வேற என்ன? மாப்ளே, ரெண்டு மோட்டாரை முழுங்கிட்டீங்க."

மாப்பிள்ளை என்பவர் மேஸ்திரியின் தங்கை கணவர். அந்த ஷெட்டில் ஆறு வருஷமாக வயரிங் வேலை பார்ப்பவர்.

"மச்சான், என் வயரிங்ல குத்தம் சொல்லாதீங்க. நான் ஒரு வயரைத் தொட்டா அது தொட்டதுதான்."

"பதினொண்ணுக்குள்ள வண்டி கிளம்பலன்னா டூல் பெட்டியைத் தூக்கிக்கிட்டு வேற ஷெட் பாருங்க. தங்கச்சி புருஷன்னு பார்த்தா தொழில் நடத்த முடியாது. முப்பது வருஷமா கட்டிக் காப்பாத்தின பேரு!"

இதைத் தலைவர் முன்னால் சொன்னார். மாப்பிள்ளைக்கு அதுதான் சுருக்கென்றது. மனைவிக்கு போன் செய்தார்.

8.45. மனைவி வந்தாள். தெருவில் அவளுக்குப் பெயர் காயில்காரி. அடுத்த தெருவில் மோட்டார்களுக்குக் காயில் சுற்றும் கடை அவளுடையது. ஒரு சுற்று குறைந்தால் மோட்டார் புகைந்துவிடும் தொழில். அதனால் தன் வாயால் எண்ணாத எந்தக் கணக்கையும் அவள் நம்புவதில்லை. தன் கல்யாண மாலையில் எத்தனை பூ இருந்தது என்பது இன்றைக்கும் அவளுக்குத் தெரியும்.

"எங்க பாடி?" என்றாள்.

செத்த இரண்டு ஸ்டார்ட்டர்களையும் மேஜையில் கிடத்தினார்கள். பிரித்தாள், முகர்ந்தாள், மீட்டரை வைத்துப் பார்த்தாள்.

"காயில் கருகல. புகை வாசனை இல்ல. கரண்டு சரியாத்தான் வந்திருக்கு. இது சாகவே இல்லங்க, பல்லுதான் போயிருக்கு." முன்னால் தள்ளிக்கொண்டு வரும் சின்னப் பல்சக்கரத்தை, மெக்கானிக்குகள் பெண்டிக்ஸ் என்று சொல்வதை, வெளிச்சத்தில் திருப்பினாள். பத்துப் பல்லும் முனையில் மழுங்கியிருந்தன. இரண்டு மோட்டாரிலும் ஒரே மாதிரி.

"மட்டமான இரும்பு" என்றார் மேஸ்திரி.

"யார்ணே வாங்கினது?"

"நான்தான். என்ஜின் நம்பரைச் சொல்லி வாங்கினேன். சீல் பிரிக்காத பெட்டி."

"அப்ப மட்டம்ங்கிறீங்களே?"

மேஸ்திரி இருமினார்.

"போல்ட்டு உக்காந்துச்சா?"

"அளவெடுத்துத் தச்ச மாதிரி."

"என்ஜின் எப்படி வந்துச்சு?"

"முழு செட்டு. ஒரு நட்டைக்கூடத் தொடல. அப்படியே தூக்கி அப்படியே இறக்கினேன். கியர்பாக்ஸ் மட்டும் வண்டியோட பழசு."

9.15. அவள் தலைவரிடம் திரும்பினாள். "ஐயா, கிளட்ச் மிதிக்க எப்படி இருக்கு?"

"மாற்றம் ஏதும் இல்லை அம்மா. நாற்பது ஆண்டுகளாக என் இடது கால் அறிந்த அதே மிதி." கொஞ்சம் யோசித்து, "ஊர்வலம் நடக்குமில்ல?" என்றார் மெதுவாக.

அலமாரியில் கிளட்ச் பிளேட்டின் காலிப்பெட்டி ஒன்று கிடந்தது. தூசி தட்டிப் படித்தாள். அதில் இருந்தது பெரிய காரின் பெயரல்ல, தலைவரின் பழைய சின்ன மாடலின் பெயர்.

9.30. "ஏங்க, ஸ்பேனரைப் போட்டு என்ஜினை மெதுவாச் சுத்துங்க. நான் சொல்றவரைக்கும் நிறுத்தாதீங்க."

ஸ்டார்ட்டர் இருந்த ஓட்டை வழியே உள்ளே ஃப்ளைவீலின், அதாவது ஸ்டார்ட்டர் கடித்துச் சுற்றும் பெரிய பல்சக்கரத்தின், விளிம்பு தெரிந்தது. ஒரு பல்லில் சாக்பீஸ் அடையாளம் வைத்து எண்ண ஆரம்பித்தாள். நாற்பதில் தலைவர் ஏதோ கேட்க வந்தார். மாப்பிள்ளை அவர் வாயைப் பொத்தாத குறை. நூற்றுப்பத்தில் அடையாளம் திரும்பி வந்தது.

அவள் எழுந்து நேராகக் குடையிடம் போனாள்.

"அண்ணே, கொஞ்சம் எந்திரிங்க."

"வெயிலும்மா."

"எந்திரிங்க."

குனிந்து, குடையைத் தாங்கிய இரும்புச் சக்கரத்தின் மண்ணைத் தட்டினாள். சுற்றிலும் பற்கள். எண்ணினாள். நூற்றிருபத்துநாலு.

10.05. "ஸ்டார்ட்டரைக் கொன்னது வயரிங் இல்ல" என்றாள். "அண்ணன்தான்."

ஷெட்டில் ஒரு ஸ்பேனர் கீழே விழுந்தது. மாப்பிள்ளையினுடையது.

"பெரிய என்ஜினோட வந்த ஃப்ளைவீலுக்கு நூத்தியிருவத்துநாலு பல்லு. சின்னச் சின்னப் பல்லு. அது பழைய கியர்பாக்ஸ் கூட்டுக்குச் சேரல. பழைய கிளட்ச்சும் அதுல உக்காராது. அதனால அதைக் கழட்டிக் குடைக்கு அடியில போட்டுட்டு, வண்டியோட பழைய ஃப்ளைவீலையே போட்டீங்க. நூத்திப்பத்து பல்லு, பெரிய பல்லு. அது தப்பில்ல, சரியான வேலைதான். ஆனா அப்புறம் என்ஜின் நம்பரைச் சொல்லி ஸ்டார்ட்டர் வாங்கினீங்க பாருங்க! ஸ்டார்ட்டர் கடிக்கிறது என்ஜின் நம்பரையா? ஃப்ளைவீலைத்தானே? ரெண்டு மாடலுக்கும் போல்ட்டு ஓட்டை ஒண்ணு. அதான் சமத்தா உக்காந்து எல்லாரையும் ஏமாத்திருச்சு. பல்லுக்குப் பல்லு சேரல. அரைச்சே தீர்ந்துபோச்சு."

மேஸ்திரி தன் குடையைப் பார்த்தார்.

"மறந்துட்டேம்மா."

"முதல் மோட்டாருக்கு மறந்தீங்க. ரெண்டாவதுக்கு?"

மேஸ்திரி துண்டால் முகத்தைத் துடைத்தார். "முதல் தடவையே மாப்ளே மேல சொல்லிட்டேன். தலைவர் வேற இருந்தாரு. அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?"

10.10. பழைய என்ஜினின் ஸ்டார்ட்டர் இரும்புக் குவியலில் கிடந்தது. பெரிய என்ஜினைச் சுற்ற அதற்குத் தெம்பு பற்றாது; ஆனால் அதன் ஒன்பது பல் பெண்டிக்ஸ் நல்ல நிலையில் இருந்தது. அதைக் கழற்றி, புது மோட்டாரின் தண்டில் ஏற்றினாள். ஒரே கம்பெனி, ஒரே தண்டு. ஃப்ளைவீலில் அடிபட்ட பிசிறுகளை மாப்பிள்ளை ஓட்டை வழியாகவே அரத்தால் தேய்த்தார். பக்கத்திலேயே நின்று அவள் ஒவ்வொரு பல்லாகத் தடவிப் பார்த்தாள்.

10.48. தலைவர் சாவியைத் திருகினார். என்ஜின் அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு சத்தம்! மாப்பிள்ளையின் கண் கலங்கியது. பெட்ரோல் புகை என்றார்.

"அண்ணே, தலைவர் முன்னாடி சொன்னது, தலைவர் முன்னாடியே" என்றாள் காயில்காரி.

மேஸ்திரி எழுந்து நின்றார். "தலைவரே, தப்பு என்மேல. மாப்ளேயோட வயரிங் சுத்தம். இந்த ஷெட்டு இருக்கிறவரைக்கும் இங்க வயரிங் அவர்தான்." முப்பது வருஷத்தில் அவர் சொன்ன மிகச் சின்னப் பேச்சு அது. சொன்னதும் முகம் கொஞ்சம் தெளிந்தது. "எப்படி இருந்தாலும் கண்டுபிடிச்சது என் தங்கச்சிதான்" என்று சேர்த்துக்கொண்டார்.

"என் பொண்டாட்டி" என்று திருத்தினார் மாப்பிள்ளை. தலைவரின் காரில் ஒரு கையை வைத்து, ஷெட்டுக்கே கேட்கச் சொன்னார்: "நான் அப்பவே சொன்னேன்ல? என் வயரிங்ல தப்பே வராது!"

11.00. ஊர்வலம் கிளம்பியது. தலைவரின் கார் முன்னால் போனது, கம்பீரமாக.

இடதுபக்கம் திரும்ப சிக்னல் போட்டபோதெல்லாம் ஹார்ன் அடித்தது.