கிணறு பார்த்தது

கொலோசியத்தின் உட்சுவரில் அன்று காலை யாருக்கும் சிங்கம் தெரியவில்லை. பொள்ளாச்சியிலிருந்து வந்த இருபத்துமூன்று பேரும் கல்நோக்கியைக் கண்ணில் வைத்து, பக்கவாட்டுச் சக்கரத்தைத் திருகிக்கொண்டே இருந்தார்கள். தெரிந்ததெல்லாம் தொப்பி போட்ட சுற்றுலாக்காரர்கள்தான். அவர்களும் கண்ணில் கல்நோக்கியோடு எதிரே நின்றார்கள். இன்னும் ஆழமாகத் திருகினால் அவர்களுக்கு முன்னால் வந்தவர்கள். அதற்கும் கீழே வெறும் வெள்ளை.

"தம்பி, சிங்கம் வரும்னுதான இத்தன தூரம் வந்தோம்," என்றாள் தர்ஷினி. குழுவில் அவள்தான் மூத்தவள், குரலும் அவளுடையதுதான் பெரிது.

"கல்லு கொஞ்சம் களைச்சுப்போச்சுங்க. ஃபிளாரன்ஸ்ல நல்லாத் தெரியும்," என்றான் வழிகாட்டி விஷ்வா. இதே பதிலை அவன் வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிக்கொண்டிருந்தான்.

கல்லுக்கு நினைவு உண்டு என்று கண்டுபிடித்து நாற்பது வருடம் ஆகியிருந்தது. மேலே விழும் வெளிச்சத்தில் ஒரு துளியைக் கல் தனக்குள் பூட்டிக்கொள்கிறது. பழையது அடியில், புதியது மேலே. கல்நோக்கி ஒரு மெல்லிய கதிரை உள்ளே அனுப்பி அந்த வெளிச்சத்தை அவிழ்த்துவிடும். கல் என்ன பார்த்ததோ அதை நாமும் பார்க்கலாம். சத்தம் வராது, படம் மட்டும்தான். முதல் பத்து வருடம் உலகமே இத்தாலிக்குப் படையெடுத்தது. ரோமானியப் படை தெருவில் நடந்துபோவதை வெயிலில் நின்று பார்த்துவிட்டு மக்கள் ஐஸ்கிரீம் சாப்பிடப் போனார்கள். நேரிலேயே பார்க்கிறவனுக்குப் பாடம் எதற்கு என்று வரலாற்று நூல்களை யாரும் மறுபடி அச்சடிக்கவில்லை. கல்லே பார்த்துக்கொண்டிருக்கிறது, காமிரா எதற்கு என்று தெருக் காமிராக்களையும் கழற்றிவிட்டார்கள்.

சிங்கம் கிடைக்காத நம்மவர்கள் வேறு விளையாட்டைக் கண்டுபிடித்தார்கள். சக்கரத்தை முழுக்க மேலே கொண்டுவந்தால் ஒரு நிமிடத்துக்கு முன் நடந்தது தெரிந்தது. ஒரு குழுவின் கல்நோக்கிகள் ஒன்றோடொன்று கோத்தவை. ஒருவர் சக்கரத்தை நிறுத்தும் இடத்தில் மற்றவையும் வந்து நின்றுவிடும். ஆகவே தர்ஷினி கொட்டாவி விட்டதை இருபத்திரண்டு பேரும் ஒன்றாகப் பார்த்துச் சிரித்தார்கள்.

சரியாகச் சொன்னால் இருபத்தொரு பேர். மிதுனா கல்நோக்கியைக் கழுத்தில் தொங்கவிட்டபடி தூணோரம் நின்றிருந்தாள். அவளுக்கு அறுபத்தொரு வயது. மூன்று வருடத்துக்கு முன் அவளுடைய கணவர் கவின் இதே சுற்றுலா நிறுவனத்தின் குழுவோடு இத்தாலிக்கு வந்தார். மூட்டு அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்த மிதுனாதான், கட்டிய பணம் வீணாகவேண்டாம் என்று அவரைத் தனியாக அனுப்பிவைத்தாள். வெனிஸில் ஒரு சின்னச் சதுக்கத்தில் அவருடைய இதயம் நின்றுபோனது. "சக பயணிகள் அன்புடன் சூழ்ந்திருக்க, அமைதியாக" என்று நிறுவனத்தின் கடிதம் சொன்னது.

அந்த வரியை அவள் நம்பத்தான் விரும்பினாள். கூடப் போனவர்கள் வெவ்வேறு ஊர்க்காரர்கள். நான்கு பேரைத் தேடிப்பிடித்துத் தொலைபேசியில் கேட்டாள். நான்கு பேரும் "பக்கத்துலதான் இருந்தோம்" என்றார்கள். நான்கு பேரும் உடனே பேச்சை மாற்றினார்கள். அவர் விழும்போது யாராவது கையைப் பிடித்திருந்தார்களா, அந்த ஒன்றுதான் அவளுக்குத் தெரியவேண்டும். அதற்காகத்தான் இந்தப் பயணம். சிங்கம் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன.

ஃபிளாரன்ஸில் பெரிய தேவாலயத்தின் கோபுரக் கூரைக்குக் கீழே பளிங்குச் சுவர் முழுக்க வெள்ளை. எவ்வளவு ஆழம் போனாலும் வெள்ளை. பக்கத்தில் ஒரு ஜப்பானியக் குழுவும் அதே வெள்ளையை மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நின்றது. யாரும் எதுவும் கேட்கவில்லை. நம்மவர்கள் நிழலில் உட்கார்ந்து புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். ஆனால் பேச்சு குறைந்துவிட்டது. கட்டடமெல்லாம் அப்படியே நின்றுகொண்டிருக்க, கல்லுக்குள்ளே ஏதோ காலியாகிவிட்டது என்பது அந்தச் சோற்றிலேயே தெரிந்தது.

விஷ்வா மிதுனாவைப் பேருந்துக்குப் பின்னால் கூட்டிப்போனான். கோயம்புத்தூர்க்காரன், முப்பது வயது இருக்கும்.

"அம்மா, ஒண்ணு சொல்றேன். ஆருகிட்டயும் சொல்லீராதீங்க."

"சொல்லு கண்ணு."

"கல்லுல இருக்கறது ஒரு தடவைக்குத்தானுங்க. பாத்தாத் தீந்துது. அந்த வெளிச்சம் மறுபடி வராது. காலியான கல்லு எதுக்க நிக்கறதப் புடிச்சு வெச்சுக்கும், அவ்வளவுதான். ஒருத்தர் பாத்தா முழுசாத் தெரியும். இருவது பேரு சேந்து பாத்தா இருவது பங்காப் பிரிஞ்சு போயிரும். கம்பெனிக்கு ஆரம்பத்துல இருந்தே தெரியும். வெளிய சொல்லக் கூடாதுன்னு எங்ககிட்ட எழுதி வாங்கியிருக்கறாங்க."

"அப்ப ரோமு?"

"முடிஞ்சுதுங்க."

"இந்த ஊரு?"

"போன மாசத்தோட சரி."

மிதுனா எதிரே இருந்த கோபுரத்தைப் பார்த்தாள். அறுநூறு வருடம் அது பார்த்துச் சேர்த்துவைத்ததை நாற்பது வருடத்தில் மனிதர்கள் பார்த்தே தீர்த்திருந்தார்கள். ஆனால் கேட்க அவளிடம் ஒரே கேள்விதான் இருந்தது.

"என்ற வீட்டுக்காரரு?"

"இருக்கறாருங்க. அன்னிக்கு எல்லாரும் அந்தச் சதுக்கத்துல சர்ச்சு சுவத்தைப் பாத்துட்டு இருந்தாங்க. நடுவுல ஒரு கல்லுக் கெணறு இருக்குது, அதை ஆரும் பாக்கல. ஆனாக் கெணறு அவுங்களப் பாத்துட்டுத்தான இருந்துச்சு. அப்பறம் அந்த எடத்தையே நாங்க பட்டியல்ல இருந்து எடுத்துட்டோம். நாளன்னிக்குக் காத்தால உங்களை மட்டும் கூட்டிட்டுப் போறேன். நீங்க தனியாப் பாக்கோணும். அதுதான் முக்கியம்."

"ஆருகிட்டயும் சொல்லமாட்டேன்," என்று அவள் வாக்குக் கொடுத்தாள். பொள்ளாச்சிக்காரி கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். வினை அங்கேதான் தொடங்கியது.

வெனிஸில் கடல் ஏறிவிட்டிருந்ததால் தெருக்களுக்கு மேல் பலகைப் பாதை போட்டிருந்தார்கள். விடுதியில் காலைச் சாப்பாட்டின்போது மிதுனா பொதுவாகச் சொன்னாள்: "அவரு போன எடத்தை ஒருக்காப் பாத்துட்டு வந்தர்றேனுங்க. நீங்க ஆரும் வர வேண்டாம். எனக்காகச் செரமப்படாதீங்க."

"செரி கண்ணு, பாத்துப் போயிட்டு வா," என்றாள் தர்ஷினி. மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

மிதுனா வெளியே போனதும் தர்ஷினி காபியைக் கீழே வைத்தாள். "எல்லாரும் செருப்பப் போடுங்க."

எங்கள் பக்கம் கேதம் கேட்கப் போவது என்று ஒன்று உண்டு. ஒரு வீட்டில் சாவு விழுந்தால், துக்கம் விசாரிக்க ஊரே போய் உட்காரும். அந்த வீட்டுக்காரர்கள் "எதுக்கு இத்தன தூரம், வர வேண்டாமுங்க" என்றுதான் சொல்வார்கள். அதைக் காதில் வாங்கிக்கொண்டு வராமல் இருந்தவனை ஏழு தலைமுறைக்கும் மன்னிக்கமாட்டார்கள். வர வேண்டாம் என்றால் அவசியம் வா என்று பொருள். நாற்பது வருட விஞ்ஞானம் இதில் ஒரு நூல் அளவுகூட மாற்றிவிடவில்லை. "புருசன் செத்த எடத்துக்குப் பொம்பளையத் தனியா அனுப்பறதா? நாளைக்கு ஊருல என்ன சொல்லுவாங்க?" என்றாள் தர்ஷினி. அவளுடைய கணவர் ரித்விக் ஏற்கெனவே வாசலில் நின்றிருந்தார்.

சதுக்கம் நான்கு வீட்டு வாசல் அளவுதான். மூடிய சர்ச்சு, காயப்போட்ட துணிகள், நடுவில் இரும்பு மூடி போட்ட கிணறு. கிணற்றைச் சுற்றி இடுப்பளவுக்கு வெள்ளைக் கல். விஷ்வா சக்கரத்தை நாளும் மணியும் பார்த்துச் சரியாக நிறுத்திக் கொடுத்துவிட்டு, அவளைத் தனியே விட்டுப் படகுத்துறைக்குப் போனான்.

மிதுனா முதலில் கல்லைத் தொட்டுப் பார்த்தாள். வெயிலில் கொஞ்சம் சூடாக இருந்தது. இதற்குள்ளேதான் அவர் இருக்கிறார், இன்னும் விழாமல். அப்படி நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது. இந்தக் கண்ணோடு பார்த்தால் என்ன தெரியும் என்று முந்தானையை எடுத்துத் துடைத்தாள். துடைத்தபிறகும் வந்தது. மறுபடி துடைத்தாள்.

பின்னால் பலகைப் பாதை அதிர்ந்தது. இருபத்திரண்டு பேரும் வந்து கிணற்றைச் சுற்றி அரைவட்டமாக நின்றார்கள். ஒருவர் கையில் சந்தையில் வாங்கிய வெள்ளைப்பூ, ஒருவர் கையில் பிளாஸ்க்.

"உன்னையத் தனியா உட்ருவமா," என்றாள் தர்ஷினி. "நாங்களும் அண்ணனைப் பாக்கறோம். வெசனப்படாத கண்ணு."

"வேண்டாமுங்க. எடுங்க, அதை எடுங்க. பாத்தாத் தீந்துபோயிருவாரு."

"துக்கத்துல பேசறா, பாவம்," என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். கல்நோக்கிகள் கண்ணுக்கு ஏறின. விஷ்வா மிதுனாவின் சக்கரத்தை நிறுத்திவைத்த இடத்துக்கே இருபத்திரண்டு சக்கரங்களும் தானாகத் திரும்பி நின்றன.

அவள் அவசரமாகத் தன்னுடையதைத் தூக்கினாள். ஒரு நீலச் சட்டை. முழங்கை. அந்தச் சட்டையை அவள்தான் தேய்த்து மடித்துப் பெட்டியில் வைத்தாள். முழங்கை கொஞ்சம் அசைந்தது. பிறகு வெள்ளை.

அறுவைச் சிகிச்சை செய்த மூட்டு முதலில் மடங்கியது. பிடிக்க ஏதாவது கிடைக்குமா என்று கை நீண்டது. பிறகு அவள் கிணற்றடிப் படியில் சரிந்துகொண்டிருந்தாள், நெஞ்சு அடைத்தது, குரல் வரவில்லை. வானத்தில் காயப்போட்ட துணிகள் தெரிந்தன. இப்படியே போய்விடுவேனோ என்று நினைத்தாள்.

போகவில்லை. மூச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. நான்கு நிமிடம் கழித்துக் கல்நோக்கிகள் இறங்கின.

"எப்ப கண்ணு கீழ உக்காந்தே?" என்று தர்ஷினி அவளைத் தூக்கி நிறுத்தினாள். பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றினார்கள். பூவைக் கிணற்றின் மேல் வைத்தார்கள். பிறகு ஒவ்வொருவரும் தனக்குக் கிடைத்ததைச் சொன்னார்கள். ஒருவருக்கு அவருடைய ஷூ தெரிந்தது. ஒருவருக்கு நெற்றியைத் துடைத்த கை. ஒருவருக்குச் சட்டைக் காலர். ஒரு மனிதரின் கடைசி நான்கு நிமிடம் இருபத்திரண்டு பேரிடம் சில்லறையாகச் சிதறிக் கிடந்தது.

"கையை ஆராச்சும் புடிச்சிருந்தாங்களா?" என்று மிதுனா கேட்டாள்.

ரித்விக் தன் கல்நோக்கியின் வாரைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். என்ன பார்த்தாரோ, அவர் தலையைத் தூக்கவில்லை.

"புடிச்சிருந்தாங்க கண்ணு," என்றாள் தர்ஷினி. "எல்லாரும் சுத்தி நின்னாங்க. அன்பா, அமைதியாத்தான் போனாரு."

கடிதத்தின் அதே வரி. மற்றவர்கள் தலையாட்டினார்கள். சாயங்காலத்துக்குள் இருபத்திரண்டு பேரும் அதைத்தான் பார்த்திருப்பார்கள் என்பது மிதுனாவுக்குத் தெரிந்தது. இனிமேல் அது பொய் என்று சொல்ல எந்தக் கல்லும் இல்லை.

அவள் கல்நோக்கியைத் தூக்கினாள். மூன்று வருட ஆழத்தில் வெள்ளை. சக்கரத்தை மேலே, சற்றுமுன் அவள் சரிந்த நேரத்துக்குக் கொண்டுவந்தாள்.

இருபத்திரண்டு பேர் அரைவட்டமாக நின்றிருந்தார்கள், கண்களை மறைத்த கறுப்புக் கல்நோக்கிக் குழாய்களோடு, வாயைக் கொஞ்சம் திறந்தபடி. அவர்கள் காலடியில் ஒரு பெண் சரிந்துகொண்டிருந்தாள். அவள் கை நீண்டு தர்ஷினியின் சால்வை நுனியைப் பிடித்தது. தர்ஷினி சால்வையை உதறிச் சரிசெய்துகொண்டு, இன்னும் நன்றாகத் தெரிவதற்காக ஓரடி நகர்ந்து நின்றாள். கை தரையில் விழுந்தது. ஒருவரும் குனியவில்லை. சத்தமே இல்லாமல் அது நான்கு நிமிடம் ஓடியது.

கேட்க வந்ததற்குப் பதில் கிடைத்துவிட்டது. நீலச் சட்டை ஒன்றுதான் அதில் இல்லை.

அவள் கல்நோக்கியை இறக்கி, துடைத்து, மறுபடி வைத்துப் பார்த்தாள். வெள்ளை. அதையும் அவள் பார்த்துத் தீர்த்திருந்தாள்.

"என்ன கண்ணு தெரிஞ்சுது?" என்றாள் தர்ஷினி. உண்மையான அக்கறையோடுதான் கேட்டாள்.

மிதுனா வாரைக் கழுத்திலிருந்து கழற்றினாள்.

"எல்லாரும் பக்கத்துலதான் இருந்தீங்கக்கா," என்றாள்.

"பின்ன," என்று தர்ஷினி அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். படகுத்துறையிலிருந்து விஷ்வா கூப்பிட்டான். அடுத்து ஒரு தேவாலயம் பாக்கி இருந்தது.