மூடிக்குள் எழுதியது

காலையில் இரண்டு சொட்டு, மாலையில் இரண்டு சொட்டு. பதினொரு வருடமாகப் பூங்கோதையின் பிழைப்பு இந்த நான்கு சொட்டுக்குள் அடங்கிக் கிடந்தது. மேசை விசிறியின் முதுகிலிருந்த சின்னத் துளையில் தையல் மிஷின் எண்ணெயை விட்டு, இறக்கையைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பாள். சரியாக அந்த நேரத்தில் கோத்தகிரியிலிருந்து மகள் நித்திலா கூப்பிடுவாள்.

"எப்பம்மா வர்ற?"

"எண்ணெய் போட்டுட்டு வர்றேன்டி."

இருவரும் சிரித்துக்கொள்வார்கள். அழுது என்ன ஆகப்போகிறது?

அந்த அடுக்ககத்துக்கு ஜன்னல் கிடையாது. வெளிக்காற்று நஞ்சாகிப்போன நகரத்தில் மூச்சுக்காற்று குழாயில்தான் வந்தது. பல தலைமுறைக்கு முன் ஒருமுறை எவனோ எங்கோ உட்கார்ந்துகொண்டு வலையமைப்பு வழியாக எல்லா இயந்திரங்களையும் நிறுத்திவிட்டான். பட்டபிறகு புத்தி வந்தது. மாடிக்கு ஒரு விசிறி இருக்க வேண்டும், அதுவும் வலை பிறப்பதற்கு முந்தைய விசிறியாக இருக்க வேண்டும் என்று காற்று வாரியம் சட்டம் போட்டது. குழாய் நின்றால் அவசரத் தொட்டியின் காற்றை அறைகளுக்குத் தள்ள அதுதான் கதி. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு விசிறிக் காவலர். காவலரின் கைரேகைக்கு மின்தூக்கி திறக்காது.

காவலருக்கு இலவசக் காற்று என்றதும் பூங்கோதை கையெழுத்துப் போட்டாள். ஆசை யாரை விட்டது? வெளியேற இருந்தது ஒரே வழி. பன்னிரண்டு பாகங்களில் ஏழு புதியவை என்றாகிவிட்டால் அது பழைய விசிறி இல்லை. வாரியம் அதை எடுத்துக்கொண்டு, வேறு விசிறியை வேறு காவலரோடு அனுப்பிவிடும்.

தேய்ந்ததற்காக நான்கு பாகங்களை முன்பே மாற்றியிருந்தாள். நித்திலா கர்ப்பம் என்று தெரிந்ததிலிருந்து, நன்றாக இருந்த இன்னும் மூன்றை ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்தாள். பித்தளை இறக்கையைக் கழற்றும்போது மட்டும் மனது அடித்துக்கொண்டது. இப்போது மகளுக்கு ஒன்பதாம் மாதம்.

வாரியத்தின் காலக்கணிப்பாளர் தாவூத் பத்து மணிக்கு வந்தார். பொருளின் வயதைச் சொல்லும் காலமானியை ஒவ்வொரு பாகத்தின் மேலும் பிடித்தார். வார்ப்பிரும்பு அடிப்பாகம் இருந்த இடத்தில் புதிய தகடு. நூல் சுற்றிய கம்பி இருந்த இடத்தில் புதிய கம்பி.

"ஏழு புதுசும்மா. இதைப் பழசுன்னு எழுத முடியாது."

பூங்கோதைக்குக் கால் தரையில் பாவவில்லை. உடுப்புப் பையை நேற்றே கட்டி வைத்திருந்தாள்.

"கிளம்பலாமா சார்?"

"இருங்க. பல்சக்கர மூடியையும் பார்த்துட்டா முடிஞ்சுது."

அவர் பின்பக்கத்துச் சிறு மூடியைத் திறந்து வெளிச்சத்தில் திருப்பினார். உட்புறம் முழுக்க ஊசியால் கீறிய எழுத்து. வேலை பார்த்த கை தேதி போட வேண்டும் என்பது காவலர்களின் வழக்கம். பூங்கோதைக்கு முன்னால் எட்டுப் பேர், நூற்று முப்பது வருடம், ஒரு வருடம்கூட விடுபடவில்லை. கடைசி வரியைத் தாவூத் மெல்ல வாசித்தார்.

"'அடிப்பாகம் மாற்றியது. பூங்கோதை.' போன செவ்வாய்க்கிழமை."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஏமாற்றச் செய்த வேலைக்கும் பழக்கத்தில் கை தேதி போட்டிருந்தது.

"இதை ஏம்மா மாத்தல? ஒரு மூடிதானே?"

"அத்தனை பேர் எழுதினது சார். தூக்கிப் போட மனசு வரல."

"சட்டத்துல இன்னொரு விதி இருக்கு. விடுபடாத பதிவு இருந்தா பாகக் கணக்கு செல்லாதும்மா. இறக்கையே இல்லாட்டியும் இது பழைய விசிறிதான்."

"நீங்க பார்க்கலன்னு நினைச்சுக்கக் கூடாதா? மகளுக்கு மாசம் நிறைஞ்சிருக்கு, அவளுக்கு நான் ஒருத்திதான் சார்."

தாவூத் தன் சட்டைப் பொத்தானைத் தொட்டுக் காட்டினார். அதில் வாரியத்தின் கண் மினுங்கிக்கொண்டிருந்தது. "நான் பார்க்கலன்னாலும் இது பார்த்துடுச்சே."

மூடியைத் திரும்பப் பொருத்திவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போனார். அவர் விரல் வைத்ததும் மின்தூக்கி திறந்தது, மூடிக்கொண்டது.

மாலை ஆறு மணிக்கு நித்திலா கூப்பிட்டாள். குரலில் மூச்சு வாங்கியது.

"வலி எடுத்துடுச்சும்மா. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருக்கேன். கிளம்பிட்டியா?"

பூங்கோதை எண்ணெய்ப் புட்டியைக் கையில் எடுத்தாள். இரண்டு சொட்டுக்குப் பதில் நான்கு விழுந்தது.

"எண்ணெய் போட்டுட்டு வர்றேன்டி."

அந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை.