ஆறு பேர் போன வண்டி

காலையில் மாற்றிவிட்டுப் போன படுக்கை விரிப்பு, சாயங்காலம் கசங்கிக் கிடந்தது.

அவள் ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக விரிப்புகளைத் தேய்த்து மடிக்கிறவள். ஒரு விரிப்பைப் பார்த்தாலே போதும், அதில் படுத்தவர் ஒல்லியா பருமனா, வலியில் புரண்டாரா, அசையாமல் கிடந்தாரா என்று சொல்லிவிடுவாள். மகனின் அறையில் இப்போது யாரும் படுப்பதில்லை. பட்டாளத்துக்குப் போனவன் இருபத்தொரு வயதில் போர்முனையில் செத்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. ஆனாலும் தினமும் விரிப்பை மாற்றி, நான்கு மூலையையும் இழுத்துச் செருகிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள். இன்று நடுவில் ஒரு பள்ளம். தலையணை ஈரமாக இருந்தது. அறை முழுக்கக் கருகிய ரப்பர் நாற்றம், அதற்கடியில் தோண்டிப் போட்ட ஈரமண்ணின் வாடை.

"நீ இங்க படுத்தியா?" என்று மகளைக் கேட்டாள்.

"நான் ஏம்மா அங்க படுக்கப் போறேன்? கதவை நீதானே பூட்டிட்டுப் போன?"

சாவி இவள் இடுப்பில்தான் இருந்தது.

பயந்திருக்க வேண்டும். ஆனால் வயிற்றுக்குள் ஏதோ துள்ளியது, அவனைச் சுமந்த நாட்களில் துள்ளியதைப் போல. ஈரத் தலையணையை முகத்தோடு அணைத்துக்கொண்டு, "டேய் நெட்டையா, வந்துட்டியாடா?" என்றாள். மகள் வெளிறிப்போய் நிலைப்படியிலேயே நின்றாள்.

அடுத்த நாளும் கசங்கியிருந்தது. அதற்கடுத்த நாள் தலைமாட்டில் ஒரு பள்ளம், கால்மாட்டில் ஒன்று, சுவரோரம் குறுக்காக இன்னொன்று. ஒரே ஆள் படுத்த கசங்கல் அல்ல அது, அவளுக்கா தெரியாது? தூக்கத்தில் உருளுகிற பிள்ளைதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதை நம்பவும் செய்தாள். நம்பாவிட்டால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது?

நான்காம் நாள் மாலை, வெளிச்சம் மங்குகிற நேரத்தில், மகனோடு ஒரே படையில் இருந்த கூட்டாளி ஊன்றுகோலோடு வந்தான். டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தவனிடம், ஒரு வருஷமாக நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்ததைக் கேட்டாள்.

"பெட்டியைத் திறக்கவே கூடாதுன்னுட்டாங்களேப்பா. முகத்தையாவது காட்டியிருக்கலாமில்ல?"

அவன் டீ டம்ளரைத் தள்ளி வைத்தான்.

"முன்னாடி போன வண்டியில ஆறு பேரும்மா. கண்ணிவெடி. நான் பின்னாடி வண்டி. யாரு எதுன்னு பிரிக்கத் தெரியல. ஆறு பெட்டி கொடுத்தாங்க. ஆறுலயும் சமமா வெச்சேன். நான்தாம்மா வெச்சேன்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மத்த அஞ்சு வீட்டுக்கும் போயிட்டுத்தான் வரேன். அங்கெல்லாம் ரூமைக் காலி பண்ணிட்டாங்க. உங்க பொண்ணு சொல்லுது, நீங்க மட்டும் இன்னும் படுக்கை..."

பாதியில் நிறுத்தினான். பூட்டிய அறைக்குள் கட்டில் கிறீச்சிட்டது. யாரோ இருமினார்கள். நெஞ்சு கனத்த, வயசான இருமல்.

ஊன்றுகோல் தரையில் விழுந்தது.

"அது எங்க டிரைவரோட இருமல்," என்றான். "அம்மா, திறக்காதீங்க. கும்பிட்டுக் கேக்கறேன். திறக்காதீங்க."

அவள் சாவியை எடுத்துவிட்டாள். மகள் ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னுக்கு இழுத்தாள்.

"விடுடி. என் பிள்ளையும் அதுல இருக்கான்ல?"

மகளை உதறினாள். கதவு திறந்தது.

உள்ளே இருட்டு இல்லை. ஜன்னலில் மாலையின் மிச்ச வெளிச்சம் இருந்தது. அதுவும் இல்லாமல் இருந்திருந்தால் நல்லது.

கட்டிலில் அது உட்கார்ந்திருந்தது. எழுந்தது. ஒரு பக்கம் உயரம். மறுபக்கம் குட்டை. ஒரு அடி வைத்தது. நின்றது. எந்தக் காலை அடுத்து எடுப்பது என்று அதற்கே தெரியவில்லை.

"அம்மா," என்றது.

கரகரப்பான குரல் அது. அவனுடையதில்லை.

"அம்மா." இளங்குரல். அதுவும் இல்லை.

"அம்மா." "அம்மா." "அம்மா."

ஒவ்வொன்றும் ஒவ்வொரு தாயைத் தேடியது. கடைசியாக, மற்றவற்றுக்கு அடியிலிருந்து, நசுங்கிய குரல் ஒன்று:

"அம்மா... போயிடும்மா."

அவள் போகவில்லை. இரண்டு கைகளையும் விரித்தாள்.

அவளுக்குப் பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. மகள் வெளியிலிருந்து அறைந்தாள், கத்தினாள். கூட்டாளி தோளால் இடித்தான். கதவு அசையவில்லை.

கைகள் வந்து படிந்தன. கழுத்தில். தோளில். தலைமுடியில். சில்லென்று, மண் அப்பிய கைகள். குழந்தை அம்மாவைப் பிடிப்பதுபோல் இறுக்கின. இன்னும் இறுக்கின. எண்ணினாள். ஆறு.

ஒன்று மட்டும் நெட்டையனுடையது. நகம் கடித்த அந்தக் கட்டைவிரலை அவள் எங்கே பார்த்தாலும் அறிவாள். அது அவள் நெஞ்சில் பதிந்து, பலம் கொண்டமட்டும் அவளை வெளியே தள்ளியது.

மற்ற ஐந்தும் விடவில்லை.