துப்பாக்கிக்கு லீவு

"உங்க ஸ்டேஷன் துப்பாக்கி ஒண்ணு என்கிட்ட இருக்கு, சார்."

போனில் பெண் குரல். பதற்றமே இல்லை.

இன்ஸ்பெக்டருக்குக் குப்பென்று வியர்த்தது. எதிரே நின்ற ஏட்டு காலையிலிருந்து தேடுவதும் அதைத்தான்.

ஸ்பீக்கரைத் தட்டினார். "யாரும்மா நீ?"

ஏட்டின் முகம் வெளுத்தது. "சார்... என் சம்சாரம்."

"திருட்டுக் கேஸ்ல உள்ள போயிடுவே. தெரியுமா?"

"விலங்கோட வாங்க. ஏன் எடுத்தேன்னு ஜட்ஜ் கேப்பார்ல? மூணு ஷிஃப்டையும் ஒரே ஆள் தலையில கட்டின கதைய அங்க சொல்றேன்."

"வீட்டுச் சண்டைய..."

"சண்டையில்ல சார். விடியக்காலம் டூட்டி முடிஞ்சு வந்தாரு. துப்பாக்கிய மடியில வச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தாரு. என்னங்கன்னேன். தொடைக்கிறேன்னாரு..."

குரல் ஒரு கணம் நின்றது.

"கையில துணியே இல்ல சார். அவர் கண்ணசந்ததும் எடுத்துட்டேன்."



இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "நிஜமாய்யா?"

ஏட்டு தரையைப் பார்த்தார். "துணி இல்லதான் சார்."

இன்ஸ்பெக்டரின் குரல் இறங்கியது. "டாக்டர்கிட்ட போனா பைத்தியக்காரப் பட்டம் கட்டிடுவாங்கம்மா."

"கட்டட்டும். எனக்கு விதவைப் பட்டம் வேணாம். லீவு குடுங்க, வைத்தியம் பாருங்க. அதுவரைக்கும் துப்பாக்கி வராது."

வைத்துவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் நெற்றியைத் தேய்த்தார். "கிளம்புய்யா. இன்னிக்கே டாக்டரைப் பாரு. லீவை நான் பாத்துக்கறேன்."

ஏட்டின் கண் கலங்கியது. சல்யூட் அடிக்க உயர்ந்த கை பாதியில் நின்றது.

மறுபடியும் போன். ஸ்பீக்கரிலேயே எடுத்தார். இந்த முறை இன்ஸ்பெக்டரின் மனைவி.

"உங்க பையைத் திறந்து பாருங்க."

திறந்தார். சாப்பாட்டு டப்பா இருந்தது. துப்பாக்கியைக் காணோம்.

"ஏட்டு சம்சாரம் காலையில எனக்குத்தான் முதல்ல போன் பண்ணா. ராத்திரியெல்லாம் தூங்காம கூடத்துல நடக்கறது அவ புருஷன் மட்டுமா? உங்க துப்பாக்கியும் என் பீரோவுலதான் இருக்கு. சாவி தர மாட்டேன்."

இன்ஸ்பெக்டர் தொப்பென்று நாற்காலியில் சாய்ந்தார்.

ஏட்டு தொண்டையைச் செருமினார்.

"டாக்டர்கிட்ட டோக்கன் ரெண்டா வாங்கிடறேன், சார்."